பக்கத்து வீட்டு வைஃபை

தேக்கா சந்தைக்குப் பின்னால் நிற்கும் அந்த அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது சட்டி அடுப்பில் ஏறும் முன்பே ரத்தினம்மாவுக்குத் தெரிந்துவிடும். யார் மகள் யாரோடு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று பேசினாள், மூலை வீட்டு வாடகைக்காரன் ஏன் நடுவில் காலி செய்தான், எதிர் வீட்டம்மா புது சோபா வாங்கியது போனஸிலா கடனிலா, எல்லாம் அத்துப்படி. ஆனால் அவள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் மாடியில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கதவை மூடிவைப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி.

"முத்துசாமி அங்கிள் எங்க, ஆளையே காணோம்?" என்று லிஃப்டில் யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கிளமெண்டியில, மகன் வீட்ல. அங்க நல்லா காத்து வருதுன்னு இருந்துட்டாரு." கிளமெண்டிக்கு மட்டும் காற்றைத் தனியாக சப்ளை செய்கிறார்களா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அவளிடம் எதிர்க் கேள்வி கேட்டால் தன் கதை நாளைக்குக் கீழ்த்தளத்தில் எல்லாரும் கூடும் வாய்ட் டெக்கில் நிற்கும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

முத்துசாமி கிளமெண்டியில் இல்லை. ஆடி மாதத்திலிருந்து அவர் வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில், ஆறு கட்டில் போட்ட அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். முதல் பக்கவாதத்துக்கு ஒரு கை போனது. இரண்டாவதுக்குப் பேச்சு போனது. குளியலறையில் அவர் விழுந்தபோது ரத்தினம்மாவும் சேர்ந்து விழுந்தாள். அன்றைக்கு மகன் ரஞ்சன் வந்து பார்த்துவிட்டு, "இனிமே உங்களால முடியாதும்மா" என்றான். "நான் பாத்துக்கிறேன்" என்று அவன் சொல்வான் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் இல்லத்தின் படங்களைக் காட்டினான்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊரில் இல்லாததா? ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாடிக் குடும்பம் தங்கள் தாயை ஓர் இல்லத்தில் சேர்த்தபோது, "பெத்தவளைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்து பிரியாணி திங்கிறாங்க" என்று ஒரு மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இதே ரத்தினம்மாதான். அந்தப் பேச்சு எப்படி இருக்கும், எங்கே இழுக்கும், எந்த இடத்தில் தலையை ஆட்டி உச்சுக் கொட்டும் என்பதெல்லாம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது இல்லத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பண்டிகை நாள் வருகைக்கு இனி அவர்களுடைய புதிய ஆப்பில்தான் நேரம் பதிய வேண்டும், இன்று மாலை ஆறு மணிக்குப் பதிவு மூடப்படும் என்று.

ரத்தினம்மா போன் போட்டுப் பார்த்தாள். "ஆன்டி, எங்க சிஸ்டத்துலயே இப்ப ஆப்லதான் போகுது. டவுன்லோட் பண்ணிடுங்க, ரொம்ப ஈஸி" என்றது ஒரு இளம் குரல். மகனுக்குப் போட்டாள். மீட்டிங். இல்லத்தில் குடும்பத்துக்கு ஒரே ஒரு நம்பர்தான் பதிய முடியும் என்றபோது, ஆபீஸ் நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தால் தொந்தரவு என்று அம்மாவின் நம்பரைக் கொடுத்தவன் அவன்தான். அவ்வளவு முன்யோசனை.

போன வருஷத் தீபாவளிக்கு முத்துசாமி வீட்டில் இருந்தார். ஒரு கையால் முறுக்கை எடுத்து, கடிக்க முடியாமல், வாயில் ஊறவைத்துச் சாப்பிட்டார். இந்த வருஷம் அவருக்காக நீலச் சட்டை வாங்கிப் போன வாரமே நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவருக்குப் பேச்சில்லை, ஆனால் வாசலைப் பார்ப்பார். அவள் உள்ளே வரும்போது அவர் கண் வாசலில்தான் இருக்கும். தீபாவளியன்று மற்ற ஐந்து கட்டில்களுக்கும் ஆள் வந்து, ஜன்னலோரக் கட்டிலுக்கு மட்டும் வராமல் போனால் அந்தக் கண் என்ன செய்யும் என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை. அதனால் டவுன்லோடை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. பெண்டிங் என்றது. மறுபடி சுற்றியது. கொஞ்சம் நிரம்புவதுபோல் போக்குக் காட்டிவிட்டு நின்றது. முயற்சி தோல்வி, பிறகு பாருங்கள் என்றது. பிறகு பார்த்தாள். பிறகும் அதையே சொன்னது.

வைஃபை கோடுகள் என்னவோ முழுசாகத்தான் இருந்தன. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி வருகிறது, போகிறது. படம்தான் கொஞ்ச காலமாகவே வர மறுக்கிறது. வீடியோ கேட்கவே வேண்டாம். "நம்ம வீட்டு வைஃபைக்கு வயசாயிடுச்சு" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம்ம வீட்டு வைஃபை என்று அவள் சொல்வது பக்கத்து வீட்டு வைஃபையை. ரஞ்சன் கல்யாணமாகிப் போகும்போது இணையத்தை ரத்து செய்துவிட்டுப் போனான். அப்போது அடுத்த வீட்டு அப்துல் அலீம் பாய், "நம்ம வைஃபை சுவரைத் தாண்டி உங்க ஹால் வரைக்கும் வருதே, தனியா எதுக்கு?" என்றார். அவர் மகள் ருக்ஸானா வந்து ரத்தினம்மாவின் போனில் ஏதோ தட்டிக் கொடுத்தாள். அதோடு சரி. பதிலுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின் முறுக்கும் ஓமப்பொடியும் போகும். அதே டின் நோன்புப் பெருநாளைக்குப் பிரியாணியோடு திரும்பி வரும். முத்துசாமியும் அலீம் பாயும் சாயங்காலங்களில் லிஃப்ட் பக்கம் நின்று பந்தாட்டம் பேசுவார்கள். யாருக்கும் யாரும் பாக்கி இல்லை என்ற மாதிரி ஒரு ஏற்பாடு.

ரத்தினம்மா போனை அணைத்து ஏற்றினாள். விமானச் சின்னத்தைப் போட்டு எடுத்தாள். இடம் இல்லையோ என்று வாட்ஸ்அப்பில் குவிந்திருந்த ரோஜாப்பூ காலை வணக்கம், தாமரைப்பூ காலை வணக்கம், பிள்ளையாரோடு காபி கோப்பை எல்லாவற்றையும் அழித்தாள். அரை மணி நேரம் பூக்களாகவே போயிற்று. வட்டம் சுற்றி, நின்றது. சிம் கார்டில் டேட்டா கிடையாது. பேச மட்டும் என்று மலிவான பிளான். பக்கத்து வீடு இருக்கும்போது டேட்டா எதற்கு?

சமூக மன்றத்தில் முதியவர்களுக்குப் போன் சொல்லிக் கொடுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகலாம்தான். ஆனால் அந்த ஆப்பின் சின்னம் என்ன தெரியுமா? ஒரு நரைத்த தலை, பக்கத்தில் ஒரு இதயம், கீழே இல்லத்தின் பெயர். அதைக் காட்டி "இது இறங்க மாட்டேங்குது" என்றால், சாயங்காலத்துக்குள் ஒன்பது மாடிக்கும் இறங்கிவிடும். சமூக மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேரை அவளுக்குத் தெரியும். எல்லாரையும் பழக்கியவளே அவள்தானே.

யோசித்து, சேலையைச் சரிசெய்து, சிராங்கூன் ரோட்டுக்கு இறங்கினாள். தோரண விளக்குகள் பகலிலேயே எரிந்தன. ஆள் வெள்ளம். மருதப்பனின் போன் கடைக்கு முன்னால் போன் உறைகள் வடை மாலை மாதிரி தொங்கின.

"என்னக்கா, தீபாவளிக்குப் புதுப் போனா?" என்றான் மருதப்பன்.

"இருக்கிறதே போதும்ப்பா. இதுல ஆப் எதுவும் இறங்க மாட்டேங்குது. என்னான்னு பாரு."

"எந்த ஆப்?"

இந்தக் கேள்விக்கு அவள் லிஃப்டிலேயே பதில் தயார் செய்திருந்தாள். "பஞ்சாங்கம்."

மருதப்பன் கடை வைஃபையில் சேர்த்துத் தட்டினான். அவள் மூச்சு விடுவதற்குள் பஞ்சாங்கம் மணியோசையோடு வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு ராகுகாலம் முடிந்துவிட்டது என்ற நல்ல செய்தியையும் சொன்னது.

"போன் தங்கம்க்கா. உங்க வீட்டு வைஃபையிலதான் கோளாறு. வேற ஏதாச்சும் ஏத்தணுமா? சொல்லுங்க, கையோட போட்டுத் தரேன்."

அவள் விரல் அந்த நரைத்த தலையைத் தேடத் தயாராகத்தான் இருந்தது. கடை வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டு போதும். ஆனால் மருதப்பன் கண்ணாடி மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, அவள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். ஊர் போனையெல்லாம் எட்டிப் பார்ப்பதில் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. போதாக்குறைக்கு எதிர் வீட்டு சோபாக்காரம்மா வேறு சார்ஜர் வாங்க வந்து பக்கத்தில் நின்றாள்.

"யாரு, ரத்தினமா? என்னா பாக்குறீங்க? காட்டுங்க காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. பஞ்சாங்கம்."

"அங்கிள் தீபாவளிக்கு வருவாருல்ல?"

"பாப்போம். அங்க பேரன் விடமாட்டேங்குறான்."

போனை இழுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நாலு எட்டு நடந்து, புடவைக் கடை மறைவில் நின்று தட்டினாள். கடை வைஃபை போயிருந்தது. வேலை முடிந்ததும் மருதப்பன் கையோடு வெட்டிவிட்டிருந்தான். அவனிடம் திரும்பிப் போனபோது அவன் ஒரு யோசனை சொன்னான். "வீட்டுக்குப் போயி, செட்டிங்ல உங்க வைஃபை பேரை அழுத்திப் பிடிங்க. ஃபர்கெட்னு வரும். அதைத் தட்டிட்டு, திரும்பப் புதுசாச் சேருங்க. சில சமயம் அப்படித்தான்க்கா, மறந்துட்டுச் சேந்தா சரியாயிடும்."

வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னபடியே அழுத்தினாள். ஃபர்கெட் என்றது. தட்டினாள். போன் மறந்தது. திரும்பச் சேரப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது.

ரத்தினம்மா போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாஸ்வேர்ட் அவளுக்கு எப்போதுமே தெரியாது. அதைத் தட்டியவள் ருக்ஸானா. இப்போது சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. எழுத்துச் செய்தி கூட வராது. கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டது. கேட்க வேண்டுமானால் பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவை அவள் பெருநாளுக்கு முன்னாலிருந்து தட்டவில்லை.

காரணம் இருக்கிறது. ஒன்பதாம் மாடியில் மற்றவர்களுக்கும் அது ஓரளவு தெரியும்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு காலை ருக்ஸானா வேலைக்குக் கிளம்பி லிஃப்டுக்கு நடக்கும்போது நடைபாதையில் விழுந்து துடித்தாள். முதலில் ஓடியவள் ரத்தினம்மா. சரியாகத்தான் செய்தாள். பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் மடியைக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அலீம் பாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மடியை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அன்று மத்தியானமே தேக்கா மீன் கடை வரிசையில், "பாவம், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வலிப்பு. இப்பத்தான் மாப்பிள்ளை வேற பாத்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று நாலு பெண்களிடம் சொன்னாள். நாலில் ஒருத்தி தெம்பனிஸிலிருந்து மீன் வாங்க வந்த நஃபீசா. மாப்பிள்ளைப் பையனின் சின்னம்மா. அது ரத்தினம்மாவுக்குத் தெரியாது என்றாலும் நம்பலாம். தெரிந்துதான் சொன்னாள் என்றாலும் நம்பலாம். சூடான செய்தி கையில் இருக்கும்போது எதிரே நிற்பது யார் என்று பார்க்கும் ஆள் இல்லை அவள்.

ஒரு வாரத்தில் தெம்பனிஸ்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லையாம். வலிப்பு என்ற வார்த்தை எங்கும் வரவில்லை. அலீம் பாய் வீட்டிலும் யாரும் ரத்தினம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. பெருநாளைக்கு டின்னில் பிரியாணி வழக்கம்போல வந்தது. பாயின் மனைவி ஆயிஷா லிஃப்டில் பார்த்தால் சிரித்தாள். யாரும் எதுவும் கேட்காததால், எதுவும் நடக்கவில்லை என்று ரத்தினம்மா முடிவு செய்துகொண்டாள். இருந்தாலும் அந்தக் கதவை மட்டும் தட்டாமல் இருந்துவிட்டாள்.

இப்போது தட்டினாள்.

திறந்தது ருக்ஸானா. காதில் ஆபீஸ் ஹெட்போன், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. உள்ளே லேப்டாப் திறந்திருந்தது.

"வாங்க ஆன்டி. வாப்பா அசர் தொழப் போனாங்க, இன்னும் வரலை. உம்மா தூங்குறாங்க."

"உன்னைத்தாம்மா பாக்க வந்தேன். அந்த வைஃபை பாஸ்வேர்ட்... போன் மறந்துருச்சு. கொஞ்சம் போட்டுத் தர்றியா?"

ருக்ஸானா போனை வாங்கித் தட்டினாள். கோடுகள் வந்தன. திருப்பிக் கொடுக்க நீட்டியவள், திரையில் பாதியில் நின்ற வட்டத்தைப் பார்த்தாள். வட்டத்துக்குள் நரைத்த தலையும் இதயமும். கீழே இல்லத்தின் பெயர். படித்தாள். ரத்தினம்மா போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பிடுங்கினால் என்ன, படித்தாகிவிட்டது.

"அங்கிள் கிளமெண்டியில இல்லையா?" என்றாள் ருக்ஸானா மெதுவாக.

ரத்தினம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊர்க்கதை முழுக்கச் சேர்த்து வைத்த தலை.

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து."

"வாப்பா வாரா வாரம் கேக்குறாரு. முத்துசாமி ஏன் போன் எடுக்கிறதில்லைன்னு."

"அவருக்குப் பேச்சு இல்லம்மா. ரெண்டாவது தடவையில போயிடுச்சு." சொன்ன பிறகுதான், இதை வாய்விட்டு இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. "தீபாவளிக்குப் போயிப் பாக்கணும். இதுல பதிஞ்சாத்தான் விடுவாங்களாம். ஆறு மணிக்கு மூடிருவாங்க. காலையிலேர்ந்து தட்டுறேன், இறங்கவே மாட்டேங்குது. வைஃபை எதுக்கு இப்படி பண்ணுதுன்னே தெரியல."

ருக்ஸானா அந்தப் போனை அவள் கையில் கொடுத்தாள். பிறகு தன் போனை எடுத்தாள்.

"வைஃபைக்கு ஒண்ணுமில்ல ஆன்டி. உங்க போனுக்கு மட்டும் நான்தான் குறைச்சு வெச்சிருக்கேன்."

அவள் திரையை ரத்தினம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். ரத்தினம்மா ஆன்டி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கோடு, கோட்டின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. இது ரவுட்டருக்கான ஆப் என்றும், யாருக்கு எவ்வளவு வேகம் போகலாம் என்று இதில் வைக்கலாம் என்றும், வகுப்பில் சொல்லித் தருகிறவள் மாதிரி சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"எப்ப வெச்ச?"

"தெம்பனிஸ்காரங்க வேணாம்னு சொன்ன அன்னிக்கு." ருக்ஸானா புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத்தமா வெட்டிடலாம்னுதான் எடுத்தேன். வாப்பா விடல. பக்கத்து வீடு, வெட்டக் கூடாதுன்னாரு. அதான் வெட்டல. எழுத்து மட்டும் போற அளவுக்கு விட்டேன். வாப்பாவுக்கு இது தெரியாது."

ரத்தினம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நான் என்னம்மா..." என்று தொடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் என்ன செய்தேன், நல்லதுக்குத்தானே சொன்னேன், ஊர்ல பேசாததா என்று வண்டி ஓடும். இன்றைக்கு ஓடவில்லை.

ருக்ஸானா விரலால் புள்ளியை வலது ஓரத்துக்குத் தள்ளினாள்.

ரத்தினம்மாவின் கையில் இருந்த போனில் வட்டம் ஒரு சுற்றில் நிரம்பியது. காலையிலிருந்து பூவெல்லாம் அழித்துக் கெஞ்சியும் வராதது, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தது. ருக்ஸானாவே அவளுக்காகத் திறந்து, நம்பர் போட்டு, வந்த எண்ணைத் தட்டி, தீபாவளி நாளைத் தொட்டாள்.

அந்த நாள் முழுக்க சாம்பல் நிறமாக இருந்தது.

"ஃபுல் ஆயிடுச்சு ஆன்டி."

"மணி இன்னும் ஆறு ஆகலியே?"

"ஆறு மணிக்கு மூடுவாங்க. அதுக்கு முன்னாடியே நிரம்பிட்டா நிரம்பினதுதான். மறுநாளும் இல்ல. அடுத்த ஞாயிறு இருக்கு." போனை அவளிடம் நீட்டினாள். "காலையிலயே வந்து கேட்டிருக்கலாமே."

அந்தக் கடைசி வாக்கியத்தில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் ரத்தினம்மாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பதிந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "ருக்ஸானா, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றாள்.

சொன்ன பிறகு அந்த வாக்கியத்தின் ஒலி அவளுக்கே பழக்கமானதாகப் பட்டது. மீன் வாசனை வந்த மாதிரி இருந்தது.

ருக்ஸானா அவளை நேராகப் பார்த்தாள். "நான் சொல்லமாட்டேன் ஆன்டி" என்றாள். கதவு மெதுவாகத்தான் மூடியது.

தீபாவளியன்று ரத்தினம்மா விடியலிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, முத்துசாமியின் நாற்காலிக்கு முன்னாலும் சேர்த்து விளக்கேற்றினாள். பிறகு அவரை நேரில் பார்க்காமல் நாற்காலிக்கு எதற்கு விளக்கு என்று தோன்றி, அதைச் சாமியிடம் நகர்த்திவைத்தாள். ரஞ்சன் போனில் வாழ்த்துச் சொன்னான். மாமனார் வீட்டில் இருக்கிறார்களாம், மத்தியானம் முடிந்தால் வருவானாம். முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். அலீம் பாய் வீட்டு வாசலில் ஆயிஷாவும் ருக்ஸானாவும் நின்றிருந்தார்கள். சோபாக்காரம்மா புதுப் புடவையில், தன் தட்டோடு முன்பே வந்து நின்றாள். ஆயிஷா டின்னை வாங்கிக்கொண்டு "உங்க முறுக்கு வராம தீபாவளி ஆகுமா?" என்று சிரித்தாள். எப்போதும்போல.

"ரத்தினம், அங்கிள் தீபாவளிக்குக்கூட வரலியா?" என்றாள் சோபாக்காரம்மா. கண் ரத்தினம்மாவின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்குள் போய் நாற்காலியைத் தேடியது. "இவ்ளோ நாளா மகன் வீட்லயே இருக்காரே. உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

அந்தக் கண்ணை ரத்தினம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் மற்றவர்கள் வீட்டுக்குள் அனுப்பிய அதே கண். காற்று, பேரன், எதுவும் வாயில் வரவில்லை.

"கிளமெண்டியிலதான் இருக்காரு" என்றாள் ருக்ஸானா. "நேத்துகூட வீடியோ கால்ல பேசினோமே. நல்லாச் சிரிச்சாரு. இல்ல ஆன்டி?"

"ஆமா" என்றாள் ரத்தினம்மா. "சிரிச்சாரு."

சோபாக்காரம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு முறுக்கை உடைத்து வாயில் போட்டாள். ரத்தினம்மா ருக்ஸானாவைப் பார்த்தாள். அவள் தாயின் கையிலிருந்த டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தபோது போன் மணியடித்தது. இல்லத்தின் ஆப். இன்றைக்கு உங்கள் அன்பானவரின் படம் என்று எழுத்து உடனே வந்தது. படம் வரவில்லை. மங்கலான ஒரு சதுரம், நடுவில் ஒரு வட்டம். வட்டம் சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது.

கோடுகள் முழுசாக இருந்தன.

ரத்தினம்மா போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுச் சுவரோரம் கொண்டுபோய் நின்றாள். வைஃபைக்கு வயசாகிவிட்டது என்று இன்றைக்கு அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆப் இறங்குவதற்காக மட்டும் வலது ஓரத்துக்குப் போன அந்தப் புள்ளி, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததுமே பழைய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. தட்டுகள் கேட்டன. கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போய்க் கேட்டால் ருக்ஸானா இன்னொரு முறை தள்ளிவிடுவாள். அவள் மறுக்கமாட்டாள் என்பதுதான் போகவிடாமல் செய்தது.

திரும்பி வந்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மங்கலுக்குள் கீழ்ப்பாதி நீலமாக இருந்தது. சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். மேலே வெள்ளையாக ஒரு தீற்று. யாரோ திருநீறு பூசியிருக்கலாம், தலைமுடியாகவும் இருக்கலாம். அவர் காமிராவைப் பார்க்கிறாரா வாசலைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.